கவுறு புடிக்கிறவன் யாரு?

வாங்கடா, வாங்க. காரை அந்தாண்ட புளியமரத்து நெழல்ல நிறுத்துங்க. இந்தாண்ட வேணாம், மல்லாட்டை காயுது. டிக்கியத் தெறந்து காட்டு, பார்ப்போம். அடேயப்பா! சிலிண்டரு, சட்டை, கண்ணாடி, வாத்துக்கால் மாதிரி ரெண்டு ஜோடி செருப்பு. டோல்கேட்டுல இதையெல்லாம் பார்த்துட்டு எப்படிடா வுட்டான்? உங்க ஆயா கண்ணுல மட்டும் அந்த சிலிண்டர் பட்டுடக் கூடாது. கேஸ் வந்துடுச்சுன்னு அடுப்பாண்ட உருட்டிக்கிட்டுப் போயிடுவா.

இவருதான் கூட்டாளியா? புதுச்சேரி, குருசுக்குப்பமா? ஒக்காருங்க தம்பி. சமுத்திரத்தையே ஊட்டு வாசல்ல வச்சிருக்கிற புள்ள, விக்கிரவாண்டிக்காரன் கெணத்துல முங்க வந்திருக்கு. பாயசம் சாப்பிட்டவன் பழைய சோத்துக்கு வந்த மாதிரி. வரட்டும், பழைய சோத்துக்கும் ஒரு ருசி உண்டு.

போன வாரம் பேராண்டி போன்ல சொன்னான். "தாத்தா, அமெரிக்காவுல புளோரிடான்னு ஒரு எடம். பூமிக்கடியிலேர்ந்து ஊத்து பொங்குது. தண்ணி கண்ணாடி மாதிரி. அதுக்குள்ள குகை குகையா நீந்திக்கிட்டுப் போறாங்க. நம்ம கெணத்துலயும் ஊத்து இருக்குன்னு சொல்லுவியே, நானும் எங்கூட்டாளியும் எறங்கிப் பார்க்கப் போறோம்"ன்னான். தாராளமா வாடான்னுட்டேன். வேணாம்னு சொன்னா நீ வேற எவன் கெணத்துலயாவது எறங்குவ. நம்ம கெணறுன்னா தேடி எடுக்கவாவது சுலபம். என்னா, மூஞ்சி சுருங்குது? கெழவன் வாயில நல்ல வார்த்தைக்கு எப்பவும் பஞ்சம்தான். இந்தா, மோர் குடி. எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு சந்தேகம் கேட்டுக்கறேன். நான் ஒண்ணும் தெரியாதவன், நீ படிச்சவன். சொல்லிக் குடு.

மொத சந்தேகம், இந்தச் சட்டை. காத்து ஊதினா மெதக்கும், காத்தை வுட்டா முழுகும்னு சொல்ற. இதுக்கு எவ்வளவு வாடகை? அவ்வளவா! டேய், உங்கப்பனுக்கு இதே கெணத்துல நான் நீச்சல் பழக்கினப்போ முதுகுல ஒரு காய்ஞ்ச சொரக்குடுக்கையக் கட்டித் தள்ளி வுட்டேன். பைசா செலவில்ல. சொரக்காய கொழம்பு வச்சுத் தின்னோம், குடுக்கையில நீச்சல் பழகினோம். உன் சட்டையில கொழம்பு வைக்க முடியுமா, கேட்டுப் பாரு.

ரெண்டாவது சந்தேகம், இந்த ஈயக்கட்டி. இடுப்புல கட்டிக்கிட்டு எறங்குவியா? எங்க காலத்துல ஒரு மனுசன் இடுப்புல கல்லைக் கட்டிக்கிட்டுக் கெணத்துல எறங்கினா போலீசு வரும். நீங்க அதை சம்பளம் குடுத்துக் கத்துக்கறீங்க. சரி, எத்தனை கிலோ? ஆறா? கடல்ல பழகின கணக்கா? அப்படின்னா ரெண்டு கிலோவக் கழட்டி வை. முழிக்காத. உப்புத் தண்ணி ஒரு லிட்டர் 1.025 கிலோ, நல்ல தண்ணி ஒரு கிலோ. உன் ஒடம்பு, சிலிண்டர், சட்டை எல்லாம் சேர்ந்து எம்பது தொண்ணூறு லிட்டர் தண்ணிய ஒதுக்குது இல்ல? கணக்குப் போட்டுக்க. கடல்ல உன்னைத் தாங்குற அந்த ரெண்டு கிலோ மெதப்பு கெணத்துல கெடைக்காது. கடல் கணக்குலயே கட்டிக்கிட்டுக் குதிச்சேன்னா நேரா சேத்துலதான் போயி ஒக்காருவ.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னா பார்க்கற? சும்மா ஒரு குருட்டுக் கணக்குதான். மோரைக் குடி.

மூணாவது, இந்த சிலிண்டரு. உங்க ஆயா ஊரெல்லாம் "எம்பேரன் ஆக்சிஜன் கட்டிக்கிட்டு எறங்குறான்"ன்னு சொல்லிக்கிட்டிருக்கா. உள்ள இருக்கறது ஆக்சிஜனே இல்லியாமே? வெறுங்காத்தாமே! நம்ம கொல்லியில சும்மா அடிக்கிற காத்துதான், மெஷின் வச்சு அமுக்கி அடைச்சதுன்னு உன் கூட்டாளியே இப்ப சொல்றாரு. காத்தை வெலைக்கு வாங்கின மொத ஆளு நம்ம குடும்பத்துல நீதான்டா. சரி, 12 லிட்டர் டப்பா, 200 பார் அழுத்தம், மொத்தம் 2,400 லிட்டர் காத்து. திண்ணையில ஒக்காந்திருக்கிறவன் மாதிரி அலட்டிக்காம நிமிசத்துக்கு இருவது லிட்டர் இழுத்தா ரெண்டு மணி நேரம் வரும். ஆனா 10 மீட்டர் எறங்கினா அதே காத்து ஒரு மணி நேரம்தான். 20 மீட்டர்னா நாப்பது நிமிசம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பங்கு கூடக் கேட்குது தண்ணி. கந்து வட்டிக்காரன்கூட இப்படி ஏத்த மாட்டான். பயந்துபோயி புஸ்ஸு புஸ்ஸுன்னு இழுத்தியோ, அசலும் போச்சு.

இப்ப வருது பாரு பெரிய சந்தேகம். நாங்க கெணத்துல முங்குனா என்னா செய்வோம்? தம் கட்டுவோம். உங்க ஆயாவோட பித்தளைத் தோண்டி கவுறு அறுந்து உள்ள வுழுந்தா மொதல்ல பாதாளக் கரண்டியப் போட்டுத் துழாவுவோம். அதுல மாட்டலன்னா நான் தம் கட்டி முங்குவேன். எவன் ரொம்ப நேரம் தம் கட்டுறானோ அவன்தான் ஊருல கெட்டிக்காரன். கெணத்தடியில நாங்க படிச்ச படிப்பே அந்த ஒண்ணுதான். உன் படிப்புல மொத பாடம் என்னா? "எந்தக் காரணத்துக்கும் மூச்சைப் புடிக்காதே." நாங்க எதைச் செஞ்சா பொழைச்சமோ, அதையே செஞ்சா நீ செத்துடுவ. கலி முத்திப்போச்சுன்னு நெனச்சேன். அப்பறம்தான் வௌங்குச்சு. நாங்க மேல இழுத்த காத்தை உள்ள கொண்டுபோறோம். அது ஆழத்துல சுருங்கி, மேல வந்தா பழைய அளவுக்குத்தான் திரும்பும். நீ கீழேயே அழுத்தின காத்தை நெஞ்சு நெறைய இழுக்குற. 10 மீட்டர்ல இழுத்ததை வெளிய வுடாம மேல வந்தா, அது ரெண்டு பங்கா உப்பும். நெஞ்சாங்குலை என்னா, எண்ணெய்ச் சட்டியில போட்ட பூரியா, உப்பி அழகு காட்ட? கிழிஞ்சுடும். அதுவும் மேல வர்ற கடைசி சில அடியிலதான் உப்பல் ரொம்ப வேகம். ஆனா கெணத்தடியில பொறந்த புள்ளைக்குத் தம் கட்டாம இருக்கறது கஷ்டம். பயம் வந்தா உன் ரத்தம் "தம் கட்டு"ன்னுதான் சொல்லும். அது உங்க தாத்தன் புத்தி. அன்னைக்கு மட்டும் தாத்தன் பேச்சைக் கேட்காத.

சைகைன்னு ஒண்ணு சொன்னியே. தண்ணிக்குள்ள பேச முடியாது, வெரலாலதான் பேச்சு. கட்டை வெரலைத் தூக்கினா "சூப்பர்"னு அர்த்தமில்லையாம், "மேல போவோம்"னு அர்த்தமாம். வட்டமாக் காட்டினாத்தான் "எல்லாம் சரி". டேய், விக்கிரவாண்டிக்காரனுக்கா வெரல் பாஷை சொல்லித் தர்ற? 2019ல ஒரு எடைத்தேர்தல், 2024ல ஒரு எடைத்தேர்தல். ஜீப்புல நின்னுக்கிட்டு ஒருத்தரு ரெண்டு வெரலக் காட்டுவாரு, ஒருத்தரு அஞ்சு வெரலக் காட்டுவாரு. நாங்க எல்லாருக்கும் கட்டை வெரலக் காட்டினோம். "மேல போங்க"ன்னுதான் சொல்லியிருக்கோம் போல. போனவங்க திரும்பி எறங்கி வரல. நீயாவது காட்டினவன் முகத்தைப் பார்த்துட்டு பதில் சொல்லு.

மேல வர்றப்போ அவசரம் கூடாது, 5 மீட்டர்ல மூணு நிமிசம் சும்மா நிக்கணும், அப்படித்தானே? பொங்கலுக்கு மெட்ராஸ்லேர்ந்து வர்றவன் நம்ம டோல்கேட்டுல நிக்கிற மாதிரின்னு வச்சுக்க. என்னா, அங்க ஃபாஸ்டேக் செல்லாது. அழுத்தத்துல இழுத்த காத்துல இருக்கிற நைட்ரஜன் ரத்தத்துல கரைஞ்சு கெடக்கும். மெதுவா வந்தா மூச்சு வழியா அதுவும் மெதுவா வெளியேறும். படக்குன்னு வந்தா, கோலி சோடாவுல கோலிய அமுக்கின மாதிரி ஒடம்பெல்லாம் நொரைக்கும். மூட்டு வலின்னு ஆரம்பிச்சு கை கால் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிடும். நம்ம கெணத்து ஆழத்துக்கு அதெல்லாம் பெருசா வராதுங்கறியா? வராதுதான். ஆனா பழக்கம் சின்ன ஆழத்துலயே வரணும். கெணத்துல ஓடறவன் சமுத்திரத்துல பறப்பான்.

இப்ப நெசத்தைச் சொல்லிடறேன். இந்தக் கணக்கெல்லாம் எனக்குக் கனவுல வரல. போன தடவை வந்தப்போ உன் பயிற்சிப் புஸ்தகத்தத் திண்ணையில வுட்டுட்டுப் போயிட்ட. அட்டையில உங்க டைவிங் சங்கத்துப் பேரு, பாடின்னு (PADI) போட்டிருந்துச்சு. பாடியே ஆயிடுவான் போலிருக்கேன்னு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. எடுத்துக்கிட்டு திண்டிவனத்துல ரிட்டையர் ஆன நம்ம வாத்தியார் ஊட்டுக்குப் போனேன். ஒரு வாரம், தெனம் பஸ்சு. அவரு படிச்சுத் தமிழ்ல சொன்னாரு, நான் மல்லாட்டை உரிச்சுக் குடுத்தேன். முடிச்சப்பறம் அவரு தன் பெட்டியிலேர்ந்து வேற ஒரு பழைய புஸ்தகத்த எடுத்தாரு. அதுல இருந்த ஒரு கதைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அதுக்காகத்தான்டா உங்களை ஒக்கார வச்சிருக்கேன்.

கூஸ்தோன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. தம்பி, நான் பேரு சரியாச் சொல்றனா? உங்க ஊரு பாஷைதானே. அவரும் காஞ்ஞான்னு ஒரு இன்ஜினியரும் சேர்ந்து 1943ல கண்டுபுடிச்சதுதான் நீ வாயில கவ்வுற இந்த சமாச்சாரம். கடல்ல நெறைய எறங்கிப் பார்த்துட்டு, 1946 ஆகஸ்ட்ல ஒரு ஊத்துல எறங்கலாம்னு கெளம்பினாங்க. அவரும் அவரு கூட்டாளி துய்மாவும். உங்களை மாதிரியே ரெண்டு பேரு, உங்களை மாதிரியே ஊத்தைப் பார்க்கற ஆசை. பிரான்சுல தெக்குப் பக்கம் வோக்ளூஸ்னு ஒரு எடம். மலையடியில ஒரு குட்டை. வருசத்துல ஒரு சமயம் திடீர்னு பொங்கி ஆறாவே ஓடும். ஏன் பொங்குது, அடி எங்க இருக்குன்னு பார்க்கத்தான் எறங்கினாங்க. அதுக்கும் முன்னாடி 1878லயே ஒட்டொனெல்லின்னு ஒருத்தரு இரும்புத் தொப்பி மாட்டிக்கிட்டு 23 மீட்டர் போயிப் பார்த்திருக்காரு.

கூஸ்தோ எப்படி எறங்கினாருன்னு கேளு. மேல பாறையில ஃபார்க்னு ஒருத்தரு கவுறு புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. இத்தனை தரம் இழுத்தா கவுறு வுடு, ஆறு தரம் இழுத்தா மேல தூக்குன்னு பேச்சு. கீழ ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தனிக் கவுறுல கட்டிக்கிட்டாங்க. நாப்பது மீட்டருக்கு மேல போயிட்டாங்க. இருட்டு, ஜில்லுன்னு தண்ணி. அங்க போனதும் தலை கிறுகிறுக்குது. எதுக்கு வந்தோம்னே மறந்துபோவுது. துய்மா மயங்கிட்டாரு. கூஸ்தோ அவரையும் இழுத்துக்கிட்டு மேல வரணும். கவுத்தைப் புடிச்சு ஏறப் பார்க்கறாரு. கவுறு ஆடினதும் மேல இருக்கிற ஃபார்க் என்னா நெனச்சாரு? "இன்னும் ஆழம் போறாங்க, கவுறு கேட்கறாங்க"ன்னு இன்னும் வுட்டாரு. இவரு இழுக்க இழுக்க அவரு வுட வுட, கவுறு இவரு தலை மேலயே வந்து குவியுது. கடைசியில ஃபார்க்குக்கு என்னமோ சரியில்லைன்னு மனசுல பட்டு, வர்றது வரட்டும்னு இழுத்துட்டாரு. ரெண்டு பேரும் பொழைச்சாங்க.

எதனால கிறுகிறுத்துச்சுன்னு சோதிச்சாங்க. ஆழத்து மயக்கமா? இல்லை. சிலிண்டர்ல காத்து அடைச்சாங்களே, அந்த மெஷின் டீசல்ல ஓடறது. தன் பொகையைத் தானே இழுத்து சிலிண்டர்ல அடைச்சிருக்கு! கார்பன் மோனாக்சைடு. மொகர்ந்தாத் தெரியாது, பார்த்தாத் தெரியாது.

வாத்தியாரு இதைப் படிச்சதும் நான் உரிச்ச மல்லாட்டை கையிலேர்ந்து வுழுந்துடுச்சு. ஏன்னா அந்தப் பொகையை எனக்குத் தெரியும்டா. கெணத்துல தண்ணி எறங்கிப்போன கோடையில, ஆயில் எஞ்சினைக் கவுறு கட்டி உள்ள எறக்கி, திட்டுல வச்சு ஓட்டுவோம். நம்ம பக்கத்துக் கொல்லியில அப்படி ஓட்டினவன் உள்ள எறங்கினான், வரல. அவனைத் தூக்க அவன் தம்பி எறங்கினான், அவனும் வரல. எறங்குறதுக்கு முன்னாடி லாந்தர் விளக்கை எறக்கிப் பார்த்தாங்க. விளக்கு ஜம்முனு எரிஞ்சுது. கெட்ட காத்து தங்கிப் பிராண வாயு கொறைஞ்ச கெணத்துல விளக்கு அணையும். எஞ்சின் பொகை விளக்கை அணைக்காது, ஆளைத்தான் அணைக்கும். பிரான்சுல இருந்தா என்னா, விக்கிரவாண்டியில இருந்தா என்னா, பொகைக்கு ஊரு பேரு தெரியுமா? ஆகையால சொல்லு, இந்த சிலிண்டர்ல காத்து அடைச்ச மெஷினோட மூக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு, அதோட பொகைக்குழாய் எந்தப் பக்கம் இருந்துச்சு? பார்த்தியா நீ? பார்க்கல. வாடகையில அஞ்சு ரூபா கொறைக்கச் சொல்லிப் பேரம் பேசினியே, அந்த நேரத்துல அதை எட்டிப் பார்த்திருக்கலாம்.

இன்னும் இருக்கு கேளு. ஃபார்க் காப்பாத்தினாரு இல்ல? அடுத்த வருசமே, 1947ல, அவரு ஆழத்துல சாதனை பண்ணப் போயி அதுலயே செத்துட்டாரு. மேல நின்னப்போ ரெண்டு உசுரைக் காப்பாத்தின மனுசன். மெக்சிகோவுல சகட்டோன்னு ஒரு பெரிய பள்ளம், நல்ல தண்ணி. குகைக்குள்ள எப்படிப் பத்திரமா எறங்கறதுன்னு ஒலகத்துக்கே புஸ்தகம் எழுதின எக்ஸ்லி 1994ல அதுல எறங்கினாரு. கூட்டாளியும் எறங்கினாரு, ஆளுக்கொரு தனிக் கவுறு. கூட்டாளி வந்தாரு, எக்ஸ்லி வரல. குகையில எறங்கறவங்களே வகுத்த ஒரு விதி இருக்கு பாரு, அது நம்ம ஊட்டுக் குதிர் கணக்கு: காத்துல மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு திரும்பி வர்றதுக்கு, ஒரு பங்கைத் தொடவே கூடாது. வெத நெல்லு மாதிரி. பஞ்சத்துல கூட வெத நெல்லைக் குத்தி ஆக்கினவன் அடுத்த போகத்தைப் பார்க்க மாட்டான்.

அந்த வோக்ளூஸ் ஊத்தோட அடியை யாருதான் பார்த்தாங்கன்னு வாத்தியாரைக் கேட்டேன். 1985ல ஒரு மெஷினைத்தான் எறக்கினாங்களாம். 308 மீட்டர்ல தரை. மனுசன் வேணாம்னு மெஷினை அனுப்பினான் பாரு, அன்னைக்குத்தான் வெள்ளக்காரனுக்கு நம்ம பாதாளக் கரண்டியோட அருமை தெரிஞ்சுது.

சரி, இப்ப நான் கேட்கறதுக்குப் பதில் சொல்லு. நீ எறங்குற. உன் கூட்டாளி எறங்குறாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப்பீங்க, ஒருத்தன் காத்து தீர்ந்தா இன்னொருத்தன் குடுப்பான், அதுதான் சட்டம், படிச்சேன். ரொம்ப நல்ல சட்டம். மேல யாரு? கவுறு புடிக்கிறவன் யாரு?

பார்த்தியா, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்கறீங்க. எம்பத்தோரு வயசுக் கெழவன் கேட்டதுக்கப்பறம்தான் ஞாபகம் வருது. கடல்னா மேல படகு இருக்கும், படகுல ஒருத்தன் இருப்பான். அதனால உங்களுக்கு அது ஒரு ஆளாவே தெரியல. தூத்துக்குடியில முத்துக் குளிச்சாங்களே, அவங்களுக்குத் தெரியும். கல்லைக் கட்டிக் கடலுக்கடியில போறவனோட கவுத்தை மச்சான்கிட்டதான் குடுப்பாங்கன்னு சொல்லுவாங்க. ஏன்? அண்ணன் தம்பி புடிச்சா பங்காளி, சொத்துக் கணக்கு வரும். மச்சான் வுட்டுட்டா அவன் அக்கா தாலி அறுக்கணும். வுடுவானா?

அந்த நம்பிக்கையிலதான் நானும் எம்மச்சான் கையில கவுத்தைக் குடுத்தேன். உங்க ஆயாவோட தம்பி. இதே கெணறு, மாடு கட்டிக் கவலை ஓட்டின காலம். சால் அறுந்து உள்ள வுழுந்துடுச்சு. இடுப்புல கவுறு, ஒரு இழுப்புன்னா தூக்குன்னு பேச்சு. முங்கி சாலைப் புடிச்சேன். பழைய கவுறு ஒண்ணு கால்ல சுத்திக்கிச்சு. இழுத்தேன். மேல இவன் வாயில பீடி, கண்ணு ரோட்டுல. சைக்கிள்ல போற எவளோ ஒருத்திய வேடிக்கை பார்த்துக்கிட்டு, "மாமன் கவுறு கேட்கறாரு"ன்னு ரெண்டு மொழம் தாராளமா வுட்டான். நான் இழுக்க, அவன் வுட. கூஸ்தோ கதை படிக்காமலேயே அதை நடத்திக் காட்டினவங்கடா நாங்க. எப்படியோ காலை உதறிக்கிட்டு நானா மேல வந்து, பேச்சு வராம அவனை ஒரு அறை அறைஞ்சேன். அதுக்கப்பறம் அம்பது வருசம், யாரு கெணத்துல எவன் எறங்கினாலும் அவன்தான் கவுறு புடிப்பான். பீடிய அன்னைக்கே வுட்டுட்டான். அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டான், அது வேற கதை.

இனிமே ஊத்துக்கு வருவோம். புளோரிடா ஊத்து வேற, நம்ம ஊத்து வேற. அங்க பூமிக்கடியில சுண்ணாம்புக்கல்லு. மழைத் தண்ணி அதைக் கரைச்சுக் கரைச்சு ஊடு ஊடாக் குகை பண்ணி வச்சிருக்கு. அதுலயே நொழைஞ்சு வழி தெரியாம செத்தவங்க நெறைய பேரு. அதனால குகை வாசல்ல எலும்புக்கூடு படம் போட்டு, "உசுரைக் குடுக்கற அளவுக்கு இதுக்குள்ள ஒண்ணுமில்ல, திரும்பிப் போ"ன்னு பலகை வச்சிருக்கானாம். நம்ம பக்கம் பூமிக்கடியில கருங்கல்லு. அதுல மயிரிழை மயிரிழையா வெடிப்பு. அந்த வெடிப்புல கசியறதுதான் ஊத்துக்கண்ணு. ரெண்டு வெரல் நொழைஞ்சா அதிசயம். நீ வாத்துக்காலோட அதுல எங்கடா நொழையப் போற?

கெழக்கால, உங்க புதுச்சேரிப் பக்கம் போனா மண்ணு வேற, மணல்கல்லு. அங்க தண்ணி அழுத்தத்தோட நிக்கும். நெய்வேலியிலயும் அந்த மண்ணுதான். அங்க ஜம்புலிங்க முதலியாருன்னு ஒருத்தரு தண்ணிக்காகத் துளை போட்டாரு; தண்ணியோட கறுப்பா என்னமோ பொங்கி வந்துச்சு. அப்பறம் அது பழுப்பு நிலக்கரின்னு தெரிஞ்சு, ஊரையே தோண்டிட்டாங்க. தம்பி, உங்க ஊரு ஆயி கதை தெரியுமில்ல? தன் மாளிகையையே இடிச்சுட்டுக் குளம் வெட்டினாளாம். அந்தக் குளம் இருக்கிற முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணிதான் பிரெஞ்சுக்காரன் காலத்துல டவுனுக்கே வந்துச்சு. ஊட்டை இடிச்சுக் குளம் வெட்டினவ பேருல பார்க்குக்குள்ள மண்டபம் நிக்குது. இப்ப நாம குளத்தைத் தூத்து ஊடு கட்டறோம். நமக்கு எந்த மண்டபம் கட்டுவாங்களோ!

இப்ப உள்ள எட்டிப் பாரு. நாப்பது அடித் தண்ணி. பச்சையா, ஜில்லுன்னு, பார்க்க நல்லாத்தான் இருக்கு. 2024ல ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்துல ஒரே நாள்ல அம்பது சென்டிமீட்டர் மழை. வராக நதி வந்த வரத்துல நம்ம விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்தைத் தொட்டுடுச்சு, ரயிலையே நிறுத்திட்டாங்க. அந்தாண்ட வீடூர் அணைக்கு மொத்தமே 32 அடி, அது எத்தனையைத் தாங்கும்? அன்னைக்கு நீ வந்திருந்தா கெணறே தேவையில்ல, நடு ஊட்டுலயே டைவிங். அந்த வெள்ளம் இந்தக் கெணத்துக்குள்ளயும் பூந்து, ஒரு ஆள் மட்டத்துக்கு வண்டலைக் கொட்டிட்டுப் போச்சு. நீ அடியில போயி வாத்துக்காலை ரெண்டு தட்டுத் தட்டினா அத்தனையும் எழும்பும். காப்பி டம்ளருக்குள்ள கண்ணாடி மாட்டிக்கிட்டு எறங்கின கதைதான். உன் கையே உனக்குத் தெரியாது. ஊத்துக்கண்ணா தெரியப் போவுது? அதுவும் போக, பழைய பைப்பு, நைலான் கவுறு, மோட்டார் ஒயரு எல்லாம் உள்ள கெடக்கு. மோட்டாரைப் பத்திக் கவலைப்படாத. நீங்க வந்து எறங்கறதுக்கு முன்னாடியே ஃபீஸ் கட்டையைப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டேன். தோ பாரு.

என்னா, மூஞ்சி தொங்கிப் போச்சு? வேணாம்னா சொன்னேன்? எறங்கு. அந்தச் சட்டையைப் போட்டுக்க, சிலிண்டரு வேணாம், அது திரும்பிப் போயி அந்த மெஷின் மூக்கைப் பார்த்துட்டு வரட்டும். இடுப்புல ஆளுக்கொரு கவுறு. மேல பத்தடிக்குள்ள மெதந்துக்கிட்டு ஆசை தீரக் கெடங்க. மீன் கொத்தும், ஒண்ணும் பண்ணாது. தண்ணிப் பாம்பு ஒண்ணு இருக்கு, அதுவும் உன்னை மாதிரிதான், சும்மா வேடிக்கை பார்க்க வந்தது.

ஊத்துக்கண்ணைப் பார்க்கணும்னா சித்திரையில வா. தண்ணி வத்தியிருக்கும். சிலிண்டரு, கண்ணாடி, ஈயக்கட்டி ஒண்ணும் வேணாம். மம்முட்டி, கடப்பாரை, அன்னக்கூடை போதும், நான் தர்றேன், வாடகை கெடையாது. எஞ்சினை மேலயே வச்சு மிச்சத் தண்ணியை எறைச்சுட்டு, காத்தைச் சோதிச்சுட்டு எறங்கினா, அந்த வண்டல் சேறு. அள்ளி அள்ளிக் கூடையில போடு, நாங்க இழுத்துக்கறோம். நாலாம் நாளு, அஞ்சாம் நாளு, வடகிழக்கு மூலையில கல்லு வெடிப்புலேர்ந்து பொட்டுப் பொட்டா ஒரு கசிவு வரும். ஜில்லுன்னு இருக்கும். உள்ளங்கையை வச்சேன்னா உன் கையைத் தள்ளும். அதுதான்டா ஊத்து. அதைக் கண்ணால பார்க்கறவனைவிட, அடைப்பை எடுத்து வுட்டவனுக்குத்தான் அது தெரியும்.

சிரிக்காதீங்க தம்பி, உங்களுக்குப் புரிஞ்சுபோச்சுன்னு தெரியுது. ஆமாம், தூர் வார ஆளுக்கு இப்ப என்னா கூலி தெரியுமா? ரெண்டு வருசமா நானும் ஆளு தேடறேன், எவனும் அகப்படல. நீங்களா ஊத்தைப் பார்க்கணும்னு வந்தீங்க. தானா வந்த மீனை வுடுவானா கெழவன்? கோழிக்கொழம்பு உண்டு, மல்லாட்டை ஒரு மூட்டை உண்டு. வித்தா சிலிண்டர் வாடகைக்கு ஆச்சு.

கவுறா? அதான் தோ வர்றான் பாரு, வரப்புல சைக்கிளைத் தள்ளிக்கிட்டு. எழுவத்தாறு வயசு, ஒரு கண்ணுல பொறை. நேத்தே சொல்லி அனுப்பிட்டேன், பசங்க ரெண்டு பேரு எறங்குறானுங்க, வந்துடுடான்னு. தப்பே பண்ணாதவன் கையில கவுத்தைக் குடுக்காத, பேராண்டி. ஒரு தரம் தப்புப் பண்ணி, அதை அம்பது வருசமா மறக்காம இருக்கிறவன்கிட்ட குடு.

மச்சான், வா, வா. மோர் இருக்கு, குடி. அதுக்கு முன்னாடி இந்தப் பசங்க எதிர்ல ஒண்ணு சொல்லு: ஒரு இழுப்பு இழுத்தா என்னாடா அர்த்தம்?